தண்டோராவிலிருந்து வாட்ஸ்அப் வரை: அரசின் அறிவிப்பு நம் வீட்டுக்கு எப்படி வந்து சேருகிறது?

 

சென்ற கல்வியாண்டில் எங்கள் அலுவலகத்தில் நடந்த ஒரு தவறைச் சொல்லி இந்தக் கட்டுரையைத் தொடங்குகிறோம். கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்கான நமது அறக்கட்டளையின் உதவித்தொகை அறிவிப்பை வாட்ஸ்அப் குழுக்களில் மட்டும் போட்டோம். நூற்றுக்கணக்கானோர் பார்த்ததாக நீல நிறக் குறி காட்டியது. எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நாங்களும் நிம்மதியாக இருந்துவிட்டோம். கடைசித் தேதி முடிந்து, பணமும் பங்கிட்டுக் கொடுத்த பிறகு, கணவரை இழந்த ஒரு தாயார் மகளுடன் வந்து நின்றார். அலுவலகத்திலிருந்து மூன்றாவது தெருவில்தான் அவர் வீடு. "எங்க வீட்டுல பட்டன் போன்தான் இருக்கு காக்கா. பள்ளிவாசல்ல ஒட்டியிருந்தா எம் மவன் பாத்துச் சொல்லியிருப்பான்" என்றார். எங்களிடம் பதில் இல்லை. உறுப்பினர்கள் சிலரிடம் தனியாகக் கேட்டு வாங்கித்தான் அந்தப் பிள்ளைக்குக் கட்டணம் செலுத்தினோம்.

மூன்று தெரு தாண்டிச் செய்தி சொல்லத் தவறிய நாம், அரசு அலுவலகங்களைக் குறை சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும். எனினும் யோசித்துவிட்டுச் சொல்ல வேண்டியவையும் இருக்கின்றன. அரசும் பொது நிறுவனங்களும் இன்று சமூக ஊடகத்தையும் விளம்பரத்தையும் எப்படிப் பயன்படுத்துகின்றன, அதனால் யாருக்கு நன்மை, யார் விடுபட்டுப் போகிறார்கள், நாம் செய்ய வேண்டியது என்ன என்பதை இங்கே விளக்க முயல்கிறோம்.

தண்டோரா போய் என்ன வந்தது?

ஊருக்குள் ஒருவர் தமுக்கடித்து வந்து, வரி கட்டும் தேதியையும் ஏலம் நடக்கும் நாளையும் சொல்லிப் போனது நம்மில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். அந்த வேலையை ஒரு குறிப்பிட்ட சமூகத்தார் தலையில் கட்டி வைத்திருந்தது நியாயமல்ல. எனவே 2022 ஆகஸ்டில் தமிழக அரசின் அன்றைய தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு, தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தி, வாகனங்களில் ஒலிபெருக்கி வைத்து அறிவிக்கும்படி மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். நல்ல முடிவுதான்.

ஆனால் தண்டோராவுக்கு ஒரு குணம் உண்டு. அது படித்தவர், படிக்காதவர், போன் வைத்திருப்பவர், இல்லாதவர் என்று பார்க்காது. தெருவில் இருக்கும் எல்லோர் காதிலும் விழும். கைபேசி அப்படியல்ல, வைத்திருப்பவருக்கு மட்டும், அதிலும் குழுவில் இருப்பவருக்கு மட்டும் சொல்லும். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்கவும்.

இன்று ஒவ்வொரு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் ஃபேஸ்புக்கிலும் எக்ஸ் தளத்திலும் பக்கங்கள் இருக்கின்றன. மழை விடுமுறை, அணை திறப்பு, முகாம் நடக்கும் இடம் எல்லாம் முதலில் அங்கேதான் வருகின்றன. மாநில அளவில் செய்தி மக்கள் தொடர்புத் துறையும், ஒன்றிய அரசுக்கு மத்திய தகவல் தொடர்பு அலுவலகமும் விளம்பரங்களைக் கவனிக்கின்றன. சமூக ஊடகங்களிலும் இணையதளங்களிலும் பணம் கொடுத்து விளம்பரம் செய்வதற்கென்றே ஒன்றிய அரசு 2023 நவம்பரில் தனிக் கொள்கை ஒன்றை வெளியிட்டது.

இவற்றை நாம் மூன்றாகப் பிரித்துப் புரிந்துகொள்வது நல்லது: எச்சரிக்கை, அறிவிப்பு, விளம்பரம். மூன்றும் ஒரே போனில், ஒரே மாதிரிப் படத்துடன் வருவதால் நமக்குக் குழப்பம் ஏற்படுகிறது.

முதலாவது: எச்சரிக்கை

ஒக்கி புயலை நம் மாவட்டம் மறக்காது. 2017 நவம்பர் 29, 30 தேதிகளில் ஒரு நாள் இடைவெளிக்குள் அது புயலாக வலுப்பெற்றது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி போன்ற ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் அதற்குப் பல நாட்கள் முன்பே கடலுக்குப் போய்விட்டார்கள். கரையில் எந்த ஊடகத்தில் என்ன எழுதினாலும், செல்போன் கோபுரத்தின் எல்லைக்கு வெகு தூரத்தில் இருந்த படகுக்கு அது போகாது. குமரி மாவட்டத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் ஆண் துணையை இழந்தன. டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் அமர்ந்து போராடியதை நாடே பார்த்தது. அதன் பிறகுதான் செயற்கைக்கோள் வழியாகப் படகுக்கே செய்தி அனுப்பும் கருவிகளில் அரசு தீவிரம் காட்டியது. 2019 அக்டோபரில் 'ஜெமினி' என்ற கருவி அறிமுகமானது. 'நாவிக்' செயற்கைக்கோள் வழியே இயங்கும் கருவிகளும் படகுகளுக்கு வந்தன.

இரண்டாவது நிகழ்வு இன்னும் அண்மையில் நடந்தது. 2024 மே முதல் வாரம், 'கள்ளக்கடல்' எனும் திடீர் அலைச் சீற்றம் வரும் என்று ஐதராபாத்திலுள்ள இந்திய தேசிய கடல் தகவல் சேவை மையம் எச்சரித்திருந்தது. காற்றோ மழையோ இல்லாமல், எங்கோ தொலைவில் உருவான அலை திருடனைப் போல வந்து கரையில் ஏறுவதால் அந்தப் பெயர். எச்சரிக்கை வெளியானது உண்மை; செய்தியிலும் வந்தது. ஆயினும் மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி உயிரிழந்தார்கள். அதே நாட்களில் தேங்காப்பட்டணத்தில் ஒரு சிறுமியையும் அலை இழுத்துச் சென்றது.

ஒக்கியில், போய்விட்டவர்களிடம் செய்தி சேரவில்லை. கள்ளக்கடலிலோ செய்தி வெளியான பிறகும் உயிர்கள் போயின. 'பதிவிட்டுவிட்டோம்' என்பது வேறு, 'சேர்ந்துவிட்டது' என்பது வேறு. கடற்கரைக்கு வருகிற வெளியூர்க்காரர் நம் ஆட்சியரின் பக்கத்தைப் பின்தொடர்பவராக இருக்க மாட்டார். அவருக்கு வேண்டியது கரையில் ஒரு சிவப்புக் கொடியும், தடுத்து நிறுத்த ஓர் ஆளும்.

மூன்றாவது, மின்சாரம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மின்சாரமும் செல்போன் தொடர்பும் அறுந்த இடங்களில் எந்தப் பதிவையும் யாரும் பார்க்க முடியாது. அப்போது உதவியது கூப்பிடு தூரத்தில் இருந்த மனிதர்கள்தான்.

நல்ல முன்னேற்றமும் உண்டு. 2023 அக்டோபர் 20 அன்று நமது போன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறியது பலருக்கு நினைவிருக்கும். பயந்துபோய் எங்களுக்குப் போன் செய்தவர்களும் உண்டு. அது அவசர எச்சரிக்கையின் சோதனை. எந்தக் குழுவிலும் சேராமல், எந்தச் செயலியும் இல்லாமல், ஒரு கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் போன்களுக்கு நேரடியாக வரும் முறை இது. தண்டோராவின் குணம் இதில் கொஞ்சம் திரும்பி வந்திருக்கிறது எனலாம். அடுத்த முறை அப்படி ஒலித்தால் அணைத்து வைத்துவிடாமல் படித்துப் பாருங்கள்.

இரண்டாவது: அறிவிப்பு

திட்டங்கள், உதவித்தொகை, முகாம், கடைசித் தேதி ஆகியவை இந்த வகை. நம் மக்களுக்கு அதிக இழப்பு ஏற்படுவது இதில்தான். காரணங்கள் இரண்டு.

ஒன்று, பழைய செய்தி. ஒன்றிய அரசின் சிறுபான்மையினர் பள்ளிப்படிப்பு உதவித்தொகை 2022-23 முதல் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை இப்போது கிடையாது. ஆனாலும் 'ஒன்றாம் வகுப்பு முதல் விண்ணப்பிக்கலாம்' என்ற பழைய படம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதில் ஆண்டு இருக்காது. அனுப்புபவரும் நல்லெண்ணத்தில்தான் அனுப்புவார். அதை நம்பி வருமானச் சான்றுக்கு அலைந்து ஒரு நாள் கூலியை இழக்கும் தாய்மார்களை நாங்கள் பார்க்கிறோம்.

மற்றொன்று, மோசடி. அரசு ஒரு திட்டத்தைப் பெரிதாக விளம்பரம் செய்யும்போது, அந்த விளம்பரத்தின் நிழலில் திருடர்களும் வருகிறார்கள். அதே படம், அதே சின்னம், கூடவே ஓர் இணைப்பு. 'விண்ணப்பத்தை உறுதி செய்ய ஓடிபி எண்ணைச் சொல்லுங்கள்' என்பார்கள். எந்த அரசு அலுவலகமும் போனில் ஓடிபி கேட்டு உதவித்தொகை கொடுப்பதில்லை என்பதை வீட்டிலுள்ள பெரியவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

உண்மையான அறிவிப்பைக் கண்டுபிடிக்கச் சில எளிய வழிகள்:

1. இணையதள முகவரியின் கடைசியைப் பாருங்கள். ஜி-ஓ-வி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும், ஒரு புள்ளியும், ஐ-என் என்ற இரண்டு எழுத்துகளுமாக முடிந்தால் அது அரசு முகவரி. என்-ஐ-சி, புள்ளி, ஐ-என் என்று முடிவதும் அப்படியே. மோசடிக்காரர்கள் ஜி-ஓ-வி என்பதை நடுவில் செருகி வைப்பார்கள். எனவே நடுவை விட்டுவிட்டு முடிவைப் பாருங்கள்.

2. குறுஞ்செய்தி அனுப்பியவர் பெயரின் முடிவைப் பாருங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2025இல் கொண்டுவந்த விதிப்படி, அரசு அனுப்பும் குறுஞ்செய்திகளின் அனுப்புநர் பெயருக்குப் பின் ஒரு சிறு கோடும் 'ஜி' எழுத்தும் இருக்கும். வியாபார விளம்பரம் என்றால் 'பி' எழுத்து.

3. தேதி இல்லாத அறிவிப்பை யாருக்கும் அனுப்ப வேண்டாம். அரசு ஆணை என்றால் எண்ணும் நாளும் இருக்கும்.

4. சந்தேகம் என்றால் நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். முதல்வரின் உதவி மையம் 1100. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077.

5. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 எண்ணுக்குச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு தூரம் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

மூன்றாவது: விளம்பரம்

திட்டத்தை மக்களுக்குச் சொல்வது அரசின் கடமை. அதே செலவில் ஆள்பவரின் புகழையும் பாடிக்கொள்வது வேறு. இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே என்று உச்ச நீதிமன்றமே பார்க்க வேண்டி வந்தது. 'காமன் காஸ்' என்ற அமைப்பு தொடுத்த வழக்கில், பேராசிரியர் என்.ஆர்.மாதவ மேனன் தலைமையிலான குழுவின் பரிந்துரைகளைப் பெரும்பாலும் ஏற்று, 2015 மே 13 அன்று தீர்ப்பு வந்தது. அரசு விளம்பரம் அரசின் பொறுப்புகளைச் சார்ந்ததாக இருக்க வேண்டும். நடுநிலையாகவும் எல்லோருக்கும் எட்டும்படியும் இருக்க வேண்டும். ஆளும் கட்சியின் நலனுக்காக இருக்கக் கூடாது. செய்யும் செலவுக்கு நியாயம் இருக்க வேண்டும். சட்டத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும். சாரம் இவ்வளவுதான்.

குடியரசுத் தலைவர், பிரதமர், இந்தியத் தலைமை நீதிபதி தவிர உயிரோடிருக்கும் மற்றவர்களின் படங்களைப் போடக் கூடாது என்றும் அப்போது சொல்லப்பட்டது. மாநிலங்கள் கேட்டுக்கொண்டதால் 2016 மார்ச் 18 அன்று ஆளுநர், முதலமைச்சர், அமைச்சர்கள் படங்களுக்கும் அனுமதி கிடைத்தது. அந்தக் கோடு அழிந்து அழிந்து எங்கே வந்து நிற்கிறது என்பதைப் பேருந்து நிறுத்தங்களைப் பார்த்தாலே அறியலாம். இதில் எந்தக் கட்சியையும் நாம் தனியாகச் சொல்லவில்லை. எல்லோர் காலத்திலும் பார்க்கிறோம்.

தேர்தல் காலத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. 2024 மக்களவைத் தேர்தல் அறிவிக்கப்பட்ட பின்னும் 'விக்சித் பாரத்' என்ற பெயரில் ஒன்றிய அரசின் சார்பில் மக்களின் வாட்ஸ்அப்புக்குக் கடிதம் வந்துகொண்டிருந்தது. தேர்தல் ஆணையம் மார்ச் 21 அன்று அதை நிறுத்தும்படி உத்தரவிட்டது. நடத்தை விதி வருவதற்கு முன்பே அனுப்பியது, தொழில்நுட்பக் காரணத்தால் தாமதமாகச் சேர்ந்தது என்பது அமைச்சகம் தந்த விளக்கம். ஒரு திட்டத்துக்காக நாம் கொடுத்த கைபேசி எண், பிறகு எதற்கெல்லாம் பயன்படுகிறது என்ற கேள்வி அன்று பலருக்கும் வந்தது. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென 2023இல் சட்டமே வந்துவிட்டது. எனவே படிவம் நிரப்பும்போது இந்த எண் எதற்கு என்று கேட்பது தவறல்ல.

ஒரு சொல் செய்யும் காயம்

இந்த மூன்று வகைக்கும் அப்பால் ஒன்று இருக்கிறது. அரசு பயன்படுத்தும் சொல்லின் எடை. தனிமனிதர் ஒருவர் தவறான சொல்லைச் சொன்னால் பத்துப் பேர் கேட்பார்கள். அரசின் அறிக்கையில் வந்தால் அதுவே ஆதாரம் ஆகிவிடும்.

2020 மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் நமது சமுதாயம் இதை அனுபவித்தது. கொரோனா தொற்று எண்ணிக்கையை நாள்தோறும் வெளியிட்டபோது, தில்லி மாநாட்டுக்குச் சென்று வந்தவர்களைத் தனியாகக் குறிப்பிட்டார்கள். தில்லி அரசின் அறிக்கையில் மர்கஸ் என்று தனிக் கட்டமே இருந்தது. தொற்றைத் தேடிப் பிடிக்க அந்தக் கணக்கு மருத்துவர்களுக்குத் தேவைதான். ஆனால் அதே கட்டம் படமாக வெட்டப்பட்டு வாட்ஸ்அப்பில் வந்தபோது, அது நோயின் கணக்காக இல்லாமல் ஒரு சமுதாயத்தின் மேல் வைத்த குற்றச்சாட்டாக மாறியது. காய்கறி விற்கப் போன நம் ஆட்களைப் பெயர் கேட்டுத் திருப்பி அனுப்பிய தெருக்கள் உண்டு.

அதைத் திருத்தவும் அரசு நிறுவனங்களே முன்வந்தன என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எந்தச் சமூகத்தையும் பகுதியையும் நோயோடு சேர்த்து முத்திரை குத்தக் கூடாது என்று ஒன்றிய சுகாதார அமைச்சகம் ஏப்ரல் 8 அன்று அறிவுறுத்தியது. தில்லி சிறுபான்மையினர் ஆணையம் ஏப்ரல் 9 அன்று எழுதிக் கேட்ட பிறகு அங்கே அந்தத் தலைப்பு மாற்றப்பட்டது. தமிழக அறிக்கையும் பொதுவான சொல்லுக்கு மாறியது. தாமாக முன்வந்து பரிசோதனை செய்துகொண்டவர்களுக்கு நம் மாநிலச் சுகாதாரத் துறை நன்றியும் சொன்னது. வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை 2020 ஆகஸ்ட் 21 அன்று ரத்து செய்தபோது, ஊடகங்களில் நடந்த பெரும் பிரசாரத்தையும் கண்டித்தது. ஆனால் திருத்தம், முதல் செய்தி போன வேகத்தில் போகவில்லை. முதல் செய்தியைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் தீர்ப்பைப் பார்த்தார்கள்?

வதந்தியைத் தடுக்கத் தமிழக அரசு 2023இல் தகவல் சரிபார்ப்பகம் ஒன்றைத் தொடங்கியது. ஒன்றிய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகத்துக்கும் 2019 முதல் அப்படி ஒரு பிரிவு உண்டு. மழை விடுமுறை வதந்தி, பழைய கலவரப் படம் போன்றவற்றில் இவை மிகவும் பயன்படுகின்றன. ஆனால் அரசைப் பற்றிய விமர்சனத்தை அரசே பொய் என்று அறிவித்து நீக்க வைக்கலாமா? அதற்கு வழிசெய்யும் ஒன்றிய அரசின் விதியை 2024 செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. சரிபார்ப்பகம் சொல்வதைக் கேட்போம். இன்னோர் இடத்திலும் விசாரிப்போம். செய்தி வந்தால் தீர விசாரித்துக்கொள்ளும்படி ஹுஜுராத் அத்தியாயத்தில் நமக்கு இடப்பட்ட கட்டளை, செய்தி கொண்டு வருபவர் யாரானாலும் பொருந்தும் ஒழுக்கம்தான்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது

இணையத்தில் போட்டுவிட்டோம், உங்கள் கடமை பார்ப்பது என்று எந்த அலுவலகமும் சொல்லிவிட முடியாது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் நான்காம் பிரிவைப் படியுங்கள். அந்தப் பகுதியின் மொழியையும், அங்கே எந்த முறை நன்றாகப் பயன்படும் என்பதையும் பார்த்துத் தகவலைப் பரப்ப வேண்டும் என்கிறது. அறிவிப்புப் பலகை, செய்தித்தாள், பொது அறிவிப்பு, வானொலி, இணையம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிறது. 2013ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டமோ, அரசிதழ், இரண்டு நாளிதழ்கள் (ஒன்று வட்டார மொழியில்), ஊராட்சி மற்றும் அரசு அலுவலகங்கள், இணையதளம், பாதிக்கப்படும் பகுதி என ஐந்து வழிகளிலும் அறிவிக்கச் சொல்கிறது. சட்டம் எழுதியவர்களுக்கு ஒரு வழி போதாது என்பது தெரிந்திருக்கிறது.

எனவே உங்கள் ஊரில் ஒரு முகாம் நடந்து முடிந்த பிறகுதான் தெரிய வந்தது என்றால், திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஒரு மனு எழுதிக் கொடுங்கள். கோபமாக எழுத வேண்டாம். எந்தத் தேதியில், எந்தெந்த வழியில் அறிவித்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள்.

நாம் செய்ய முடிவு செய்திருப்பவை

பிறரிடம் கேட்பதை நாம் முதலில் செய்ய வேண்டும் அல்லவா? நிர்வாகக் குழு கூடிப் பேசி எடுத்த முடிவுகள் இவை:

- அறக்கட்டளையின் எந்த அறிவிப்பும் இனி நான்கு வழிகளில் போகும்: பள்ளிவாசல் அறிவிப்புப் பலகை, ஜும்ஆவுக்குப் பின் அறிவிப்பு, பெண்கள் மதரஸா வகுப்பு, வாட்ஸ்அப்.
- வாட்ஸ்அப் இல்லாத வீடுகளின் பட்டியலைத் தெருவாரியாக எடுத்து, ஒவ்வொரு தெருவுக்கும் ஓர் இளைஞரைப் பொறுப்பாக்குவோம். கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பு அவர் நேரில் போய்ச் சொல்வார்.
- அரசு அறிவிப்பை நாங்கள் குழுவில் போடும்போது, எங்கிருந்து எடுத்தோம், எந்தத் தேதி என்பதையும் சேர்த்துப் போடுவோம். தேதி முடிந்ததும் நீக்கிவிடுவோம்.
- புயல், வெள்ள எச்சரிக்கை வந்தால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்லலாம். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை இருந்தாலும், பொது அவசர நிலைக்கு 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளிலேயே விலக்கு உண்டு. கடலோர ஊர்களில் பக்கத்து தேவாலயத்தாரிடமும் கோயில் நிர்வாகத்தாரிடமும் பேசி, எச்சரிக்கை வந்தால் ஒருவருக்கொருவர் தெரிவித்து ஒரே செய்தியைச் சொல்ல ஏற்பாடு செய்வோம். அலை யார் வீடு என்று பார்த்து ஏறுவதில்லை.

சென்ற ஆண்டு வந்த அந்தத் தாயாரின் மகள் இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவர்கள் தெருவின் பொறுப்பை ஏற்றுக்கொண்டிருப்பவன் அவளுடைய தம்பி. இந்த இதழை வாசித்து முடித்ததும், போன் இல்லாத உங்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம் இதைக் கொடுத்துவிடுங்கள்.

வஸ்ஸலாம்.

செயலாளர்,
நிர்வாகக் குழுவிற்காக